எண்ணெய் வைக்க ஒருவர், ஜெபிக்க ஒருவர்

கோல்டர் பள்ளத்தாக்கு, யூட்டா
அக்டோபர் 3

அன்புள்ள கேலன் லீவிட்டுக்கு,

ஆண்டவர் அருளால் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி லாரூவும் சுகம். உறையில் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இதுவரை படித்தாயே, அதற்கு நன்றி. முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. ஷெரிஃப் வேலையை விட்டு ஆறு வருடமாகியும் துப்புத் துலக்கும் புத்தி போகவில்லை.

நம் சபையில் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆளுக்குச் சில வீடுகளை ஒப்படைப்பார்கள் அல்லவா? போன வருடம் பிஷப் எனக்கு உன் அப்பா வீட்டைக் கொடுத்தார். கன்று திருடியதற்காக ரீட் லீவிட்டை ஜெயிலுக்கு அனுப்பியவனே நான், என்னைப் போய் அனுப்பலாமா என்று கேட்டேன். "அப்போ வழி தெரியும்ல, போய்ட்டு வாங்க" என்றார் அந்தப் புண்ணியவான்.

ஐந்து மாதம் கதவு திறக்கவில்லை. ஆறாம் மாதம் லாரூவும் கூட வந்தாள். நான் தட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "சுவரோரமா ஒதுங்கி நின்னு முஷ்டியால குத்துறீங்களே, வாரண்டோட வந்தவன்னுதான் யாரும் நினைப்பாங்க. நேரா நின்னு விரலால தட்டுங்க" என்றாள். தட்டினேன், திறந்தது. நம்மவர்கள் தொடாத காபியை உன் அப்பா வேண்டுமென்றே என் முன்னால் போட்டுக் குடித்து, "இதுக்கும் உள்ள தள்ளுவியா வெர்டெல்?" என்று சீண்டினார். ரிட்டயர் ஆகிவிட்டேன், தப்பித்தாய் என்றேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

இப்போது அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, வரும் பதினான்காம் தேதி. பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். ஆசீர்வாத ஜெபம் செய்யலாமா, தலையில் ஜெப எண்ணெய் வைக்க நான் இருக்கிறேன், தலைமேல் கைவைத்து ஜெபிக்க இன்னொருவர் வேண்டுமே, யாரை அழைக்க என்று கேட்டேன். "அதை என் மகன் செய்யட்டும். அவன் வரலன்னா எனக்கு எதுவும் வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது வருடமாக நீ பேசவில்லை என்பதையும் அவரே சொன்னார், உன்மேல் குறை வைக்காமல். அலாஸ்காவில் நீ இருக்கும் ஃபேர்பாங்ஸில் நோயாளிகளுக்கு நீ ஜெபிக்கிறாய் என்று அந்த ஊர்ச் சபை பிஷப் சொன்னார்.

அவரைக் கைது செய்தது சரி. இன்றைக்கும் செய்வேன். ஆனால் நீ பள்ளிக்கூட பஸ் ஏறும்வரை அரைமணி நேரம் பொறுத்திருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் கண்ணெதிரே விலங்கு மாட்டினேன். அது என் தப்பு, கேலன். வெட்கப்படுகிறேன். அவர்மேல் நீ வைத்திருக்கும் கோபத்தில் பாதி எனக்கு வர வேண்டியது. வந்து நேரில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலையிலிருந்து சால்ட் லேக் விமான நிலையத்தில் வண்டியோடு இருப்பேன். பதில் போடாவிட்டாலும் இருப்பேன். வீடு வர நான்கு மணி நேரம், வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஜெபிக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர் தன் தலைமேல் கேட்பது உன் கையை.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் வரவை எதிர்நோக்கும் சகோதரன்,
வெர்டெல் ஹாஸ்லம்