என் முறைக்கு அவன் போட்ட வலை

செவ்வாய், இரவு

ஏரியில் வலை போடும் முறை, பாடு, இன்று என் பெயரில். என் முறைக்குப் போய் வலை போட்டவன் என் மனைவியின் தம்பி சேகர். என் இடுப்பில் முதுகெலும்பு டிஸ்க் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், தானாக ஆறிவிடும், மூன்று மாதம் பாரம் தூக்காமல் நடந்துகொண்டிரு என்றார் டாக்டர். நடந்தேன். கரையோரமாகவே நடந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை காலியாக வரட்டும் என்று வேண்டினேன். கூடை நிறைய இறால் வந்தது. வள்ளி பெரிய இறாலாகப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தாள். "என் தம்பி கைராசி அப்டி" என்று என்னிடமே சொன்னாள்.

சாப்பிட்டு எழுந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மாமா, இங்க சுருக்குனு இழுக்குது. உனக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுதா?"

முட்டியை மடக்காமல் முதுகை வளைத்தே அவன் வலை இழுத்ததைக் காலையிலேயே பார்த்தேன். நானும் அப்படி இழுத்துத்தான் கிழித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லடா, புதுசுல அப்டிதான் இருக்கும்" என்றேன்.

நாளை ஏரியில் வேறு ஆளின் பாடு; எனக்குப் பதில் கடலுக்கும் அவன்தான் போகிறான். எழுந்ததும், முட்டியை மடக்கி இழு என்று சொல்லிவிட வேண்டும். நான் எழுவதற்குள் அவன் படகு போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.