அம்மா இறக்கிய இஞ்சின்

பேசாலை,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள றெபேக்கா அக்காவுக்கு,

நீங்களும் மடத்துச் சிஸ்டர்மாரும் நுவரெலியாக் குளிருக்குள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம், இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மடத்தில் போன் இல்லாதபடியால் எல்லாவற்றையும் விபரமாக எழுது என்று அம்மா சொன்னார், பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நேற்று நான் முதலில் கண்டது அப்பாவின் கதிரைக் கால்கள் மணலில் கீறிய கோட்டைத்தான். காலையில் பூவரச நிழலில் போட்ட கதிரை ஒன்பது மணிக்குள் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிட்டது. கண் ஒப்பரேசன் முடிந்து இரண்டு கிழமைதான், ஒரு மாதம் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது, மீறினால் அந்தக் கண் போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் தாழமுக்கம் வருகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள், வாடைக் காற்றுக்கு முன் இஞ்சினைக் கழற்றிக் கரையேற்ற வேண்டிய எங்கள் படகு இன்னும் தண்ணீரில் கிடந்தது. வேறு ஆட்கள் இஞ்சினைத் தொட்டால் அப்பாவுக்குப் பொறுக்காது, பாதியில் எழும்பிப் போய்த் தானே தூக்குவார். அவரைக் கதிரையில் இருத்த வேறு வழியில்லை என்று அம்மாவே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்.

பக்கத்து வீட்டு டிலோஜன் அண்ணா ஒரு பக்கம் பிடிக்க, அம்மா இஞ்சினை இறுக்கியிருந்த இரண்டு திருகாணிகளையும் தளர்த்தினார். கவனமப்பா, அது சோத்துப் பானையில்லை என்று அப்பா கத்தினார். சோத்துப் பானையை ஒருநாளாவது இறக்கி வைச்சனீங்களோ, பேசாமல் இருங்கோ என்றார் அம்மா. டிலோஜன் அண்ணாவுக்குச் சிரிப்பில் கை நழுவப் பார்த்தது, அம்மா நழுவ விடவில்லை. பிறகு நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் இஞ்சினை நிறுத்தி, உப்புக் கழுவுப்பட ஓட விட்டார். கயிற்றின் மூன்றாவது இழுவையிலேயே ஸ்டார்ட் வந்தது. எண்ணெய்க் குழாயைக் கழற்றி, உள்ளே மிச்சமிருந்ததும் எரிந்து தானாக நிற்கும்வரை காத்திருந்து, கிறீஸ் பூசிச் சாக்கால் சுற்றினார். இருபது வருடம் சாப்பாட்டுப் பார்சலோடு கரையில் நின்றவர் இதையெல்லாம் எப்போது பார்த்து வைத்தாரோ தெரியாது. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு தலையைச் சரித்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எட்டுப் பேர் சேர்ந்து பனங்குற்றிகளில் உருட்டிப் படகை மேட்டுக்கு ஏற்றினார்கள். அம்மா முன்னால் நின்று குற்றி மாற்றினார், கயிறு கட்டினார், தென்னோலைக் கிடுகால் மூடினார். எல்லாம் முடிய அப்பா டிலோஜன் அண்ணாவிடம், நான் செய்தாலும் இப்பிடித்தான் என்றார். அம்மா கேட்காத மாதிரி நின்றார், ஆனால் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டார்.

அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னது, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கட்டாம், இரவுச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்க வேண்டாமாம், அப்பாவின் கண்ணுக்காக ஒரு செபமாலை சொல்லட்டாம். ஆண்டவர் தன் பிள்ளையைக் காப்பாராம். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது இவ்வளவுதான். இனி உள்ளது உங்களுக்கு மட்டும். நேற்றுப் பின்னேரம் அப்பா படுத்துவிட்டார், அம்மா குளிக்கப் போனார், மழை துமிக்கத் தொடங்கியது. படகின் பின்பக்க அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்கிறதல்லவா, அதன் மூடி போட்டபடியே இருந்தது. கடலில் அது பூட்டியிருக்க வேண்டும், கரையில் பூட்டியிருந்தால் மழைத் தண்ணீர் நிரம்பிப் பாரத்தில் அடி வெடித்துவிடும். மற்ற எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொல்லிச் செய்கிற அப்பா, இதை மட்டும் வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்றும் பேசாமல் கழற்றிப் பைக்குள் போடுவார். அதைப் பற்றி அவர் சொல்லி யார் காதிலும் விழுந்ததில்லை, அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. நான் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் அந்த மழைக்குள் எழும்பி ஓடிப்போய்க் குனிந்திருப்பார், அம்மாவின் வேலையை மெச்சிச் சொன்ன அந்த ஒரு சொல்லும் பிறகு இருந்திராது. நான் போய் மூடியைத் திருகிக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அம்மா எடுத்து வைத்த இஞ்சின் சாமான்களோடு வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் தங்கை,
றொஷேல்