பீப்பாயில் வந்த இடுப்புப் பாய்

நுக்குஅலோஃபா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஃபெலேட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அதில் பாதியைத்தான் எழுத முடிகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தம்பி சேமிசி சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டான், பன்றி ஏழு குட்டி போட்டது. நாங்கள் சுகம்.

நீ அனுப்பிய நீலப் பீப்பாய் சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தது. திறந்ததும் உன் அத்தை லோசா, "பிள்ளைன்னா இவன் பிள்ளை, என் வீட்டுத் தடியன் ஆஸ்திரேலியாவுக்குப் போய் போட்டோ மட்டுந்தான் அனுப்பறான்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். இறைச்சி டின், சோப்பு, போர்வை எல்லாம் சரி, எல்லாப் பிள்ளைகளும் அனுப்புவதுதான். அடியில் உன் ரக்பி பூட்ஸ், நீ வாசிக்கும் உக்குலேலே, சர்ச்சுக்கு நீ இடுப்பில் கட்டும் பாய், எல்லாம் சேமிசிக்கு என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. அவன் குதித்தான். நான் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அங்கே உன் பழம் பறிக்கும் வேலை முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே, பாய் கட்டாமல் நீ எப்படிடா சர்ச்சுக்குப் போகிறாய்? அப்பாவிடம் சொன்னால், "புள்ள தாராளமா குடுக்கறான், உன் வார்டு புத்தியை வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்று எரிந்து விழுந்தார்.

அந்த வார்டு புத்தி எனக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன் நான் நர்ஸ் வேலை பார்க்கும் மனநல வார்டில் ஒருவன் இருந்தான், பெயர் வேண்டாம். சுவரைப் பார்த்தே படுத்திருந்தவன் ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து முகம் கழுவி, சட்டை, கடிகாரம், பைபிள் எல்லாவற்றையும் மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தான், எனக்கும் ஒரு சீப்பு கொடுத்தான். கொடுக்கிறவன்தான் மனுஷன் என்று வளர்ந்தவர்கள் நாம், நான் அவனை மெச்சினேன், "தேறிட்டாரு டாக்டர்" என்று நானே போய்ச் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை சாவுச் செய்தி வந்தது. சாக முடிவெடுத்தவனுக்கும் அப்படி ஓர் அமைதி வரும் என்று படித்திருந்தேன், கண்ணெதிரே வந்தபோது எனக்குத் தெரியவில்லையடா.

அன்றிலிருந்து யாரையும் நேராகக் கேட்காமல் விட்டதில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள், அப்படியெல்லாம் ஆகாது, கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஊரார் பிள்ளைகளிடம் கேட்ட வாய், ஞாயிற்றுக்கிழமை போனில் பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கேம்மா, கவலைப்படாதே" என்று இத்தனை நாள் இல்லாத நிதானத்தோடு சொன்னாய், நான் பன்றிக்குட்டிகளைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். பயம்டா. நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன். செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா? உன்னை நீயே காயப்படுத்திக்கிறியா? ஆமாம் என்றால் ஆமாம் என்றே சொல். கத்தமாட்டேன், பாவம் அது இது என்று பேசமாட்டேன், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம், நீ இருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தை விமானத்தில் கையோடு கொண்டு வருகிற உனாசா மாமா, நீ படித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அப்புறமும் போகமாட்டார், உன்னோடுதான் டாக்டரிடம் வருவார். அவரைத் திட்டாதே, போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவாய் என்றுதான் நான் அவரை அனுப்பினேன். கடவுள் உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும் கண்ணே. மறக்காமல் இப்போதே மாமாவின் போனை வாங்கி என்னைக் கூப்பிடு. வார்த்தை வராவிட்டாலும் கூப்பிடு, நீ அழுவதைக் கேட்டுக்கொண்டு நான் இருப்பேன்.

உன் அம்மா,
காலோலைன்