கறுப்புச் சால்வை

என் பிரியமானவருக்கு,

இங்கே நானும் சின்னவளும் சௌக்கியம். காட்டு விடுதியில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துத்தான் தொடங்க நினைத்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை.

பறவைப் புத்தகத்துக்காக நீங்கள் வரைந்தனுப்பிய படங்களை நேற்றுப் பிரித்தோம். மீன்கொத்தியின் முதுகு பச்சையாக இருக்கிறது. இது கிளியாம்மா என்று சின்னவள் கேட்டே விட்டாள். உங்கள் படங்களை விற்றுத் தரும் கண்காட்சிக்காரரோ எட்ட நின்றும் கிட்ட நின்றும் பார்த்துவிட்டு, காடே பறவைக்குள்ள இறங்கிடுச்சும்மா, சாருக்கு இது புதுப் பருவம் என்று பூரித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது பருவமில்லை, கண்புரை. டாக்டர் போன வருஷமே சொன்னார். முற்றவிட்டால் ஆபரேஷன் சிக்கலாகும் என்றும் சொன்னார். இந்தக் கண்காட்சிக்காரர்தான், கண்ணுல கை வெச்சா கலரே மாறிடும் சார், இப்போதான் படம் நல்லாப் போகுது என்று உங்கள் காதில் ஓதினார். நீங்களும் தலையாட்டிவிட்டுக் காட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கண் உங்களுடையதா, அவருடையதா?

நீலம் கொஞ்சம் மங்கிவிட்டது என்று அச்சகத்தில் சண்டை போட்டு, காலண்டர் முழுவதையும் திரும்ப அடிக்க வைத்தவர் நீங்கள். நீர்நாய் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதற்காகச் சேற்றில் கிடந்து காய்ச்சலோடு வீடு வந்தவர். செத்த பறவையை என் ஃப்ரிட்ஜில் பால் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சும்மா சும்மா திறக்காதே என்று என்னையே மிரட்டியவர். உள்ளதை உள்ளபடி வரைகிற மனிதர் என்றுதான் அத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது ஏதோ ஒரு குழந்தை உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் பச்சை மீன்கொத்தியைத் தேடி நிற்கவேண்டுமா?

படங்களைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். டாக்டரிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. சின்னவள் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, கறுப்புச் சால்வை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மீன்கொத்தியின் நீல இறகு ஒன்றைக் கடைக்கே கொண்டுபோய், கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை ஒவ்வொரு சால்வைமேலும் வைத்துப் பார்த்து, நீங்களே எடுத்துத் தந்த சால்வை அது. என்னிடம் கறுப்புச் சால்வையே கிடையாது.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அந்தச் சால்வையைத்தான் போர்த்திக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்பேன். உங்களுக்கு எந்த நிறமாகத் தெரிந்தாலும் சரி, அடையாளம் கண்டு என்னிடம் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உங்கள் மனைவி