எண்ணெய் விலை ஏறிய அன்று

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

ஜெரோம் எழுதுவது. உன் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

புதன்கிழமை எங்கள் எண்ணெய்க் கிடங்கில் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி போட்டார்கள். எங்கோ சண்டையாம், கச்சா எண்ணெய் விலை ஏறிவிட்டதாம். இந்த நாட்டில் எண்ணெய் மண்ணுக்கடியிலேயே கிடக்கிறது. விலை ஏறினால் விருந்துதான். நானும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன். கை கழுவும்போதுதான் உன் போன் வந்தது.

"பாலியஸ்டர் நூலு எண்ணெயில இருந்துதான் வருதாமுங்க. ரேட்டு ஏறிப்போச்சு, தறியெல்லாம் நிறுத்திப்போட்டேனுங்க. வெல எறங்கோணும்னு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தட்டுங்களா?" என்றாய்.

லைன் சரியில்லை என்று நான் போனை வைத்தது பொய், அம்மணி. விலை இறங்கினால் நம் தறி ஓடும். ஆனால் போன தடவை இறங்கியபோது எங்கள் அறையில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னை எதை வேண்டிக்கொள்ளச் சொல்வேன்?

ஒரு சின்ன வேலை. போனில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டேன். நூல் இல்லாவிட்டாலும் ஒரு தறியைச் சும்மா ஓட்டி, அதைப் பதிவு செய்து அனுப்பு.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. மெழுகுவர்த்தியை ஏற்றிவிடு. எதற்கென்று மட்டும் மாதாவிடம் சொல்லாதே.

ஜெரோம்