அரை இன்ச் தொலைந்த டேப்

அப்பா, இன்று காலை தையல் மேசையில் கத்திரிக்கோலை எடுத்தபோது விரலில் துரு ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. உங்கள் காடியிலிருந்து, அந்தப் பழைய மோட்டார் காரிலிருந்து, கழற்றிய இரும்புத் தட்டில்தான் கத்திரிக்கோலைச் செருகி வைக்கிறேன். சக்கரம் வந்து உட்கார வேண்டிய தட்டு அது. மொத்தம் எட்டு ஓட்டைகள். அவற்றில் நான்கு, நான் வாயைத் திறக்காததால் விழுந்தவை.

அக்காவின் கல்யாணத்துக்கு வாடகைக் காடி கூடாது என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள். நம் பழைய காடிக்கோ ரிம் நான்கும் துருப்பிடித்து நெளிந்திருந்தன. அந்த அளவில் வேறு ரிம் எங்கும் கிடைக்கவில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் பழைய காடிகளை வெட்டி விற்கும் கடையில் நீங்கள் பளபளவென்று நான்கு ஸ்போர்ட் ரிம்களைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அவை புதுக் காடிகளுக்கானவை. போல்ட் ஓட்டைகள் நம் காடியைவிட அகலத் தள்ளி இருந்தன.

"அதனால என்ன? தட்டைக் கழட்டி, ரிம்முக்குத் தக்கபடி புதுசா ஓட்டை போட்டுக்கலாம்லா" என்றீர்கள்.

"செருப்புக்காகக் காலை வெட்டுற மனுசனை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அம்மா.

ரிம் வாங்கப் போன அன்று, நூல்கண்டு வாங்க நானும் உங்களோடு வந்தேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டுத் தையலில் உட்கார்ந்திருந்த காலம். கடைக்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றார்கள். நான் தரையில் சிந்திய எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ரிம்முக்கு அங்கேயே சாயம் அடித்துக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு தருவதாகச் சொன்னார். அதற்குள் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்று நீங்கள் அளவு எடுக்கத் துடித்தீர்கள்.

"டேப்பு வச்சிருக்கியாம்மா?"

கொடுத்தேன். அதன் நுனி இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகியதால், முதல் அரை இன்ச்சை நான் வெட்டி எறிந்திருந்தேன். எந்த அளவு வந்தாலும் மனத்துக்குள் அரையைக் கழித்துக்கொள்வேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து எதிர் ஓட்டையின் நடுவுக்கு டேப்பை இழுத்துப் பிடித்தீர்கள்.

"அஞ்சு! ரவுண்டா அஞ்சு இன்ச்சு!"

நாலரை, அப்பா. சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. மூடிக்கொண்டேன்.

பஸ்ஸில் மறுபடியும் முயன்றேன். "அப்பா, அந்த டேப்பு..."

"ஆமாம்மா, அருமையான டேப்பு" என்ற நீங்கள் கண்டக்டரைக் கூப்பிட்டு, "எம் மகள் டெய்லர். அவ டேப்புலதான் காடிக்கே அளவு எடுத்தேன்" என்றீர்கள். அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

நம் ஊர் மெர்லிமாவில் லேத் பட்டறை வைத்திருந்த முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களோடு வளர்ந்த சீனர். நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான்கு தட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அஞ்சு இன்ச்சுன்னா ஓரத்துக்கே வந்துருதுலா. நல்லாத்தான் அளந்தீங்களா?" என்று கேட்டாராம். "டெய்லர் டேப்பு, தவுக்கே" என்றீர்களாம்.

ரிம் வந்தது. கட்டைமேல் நின்ற காடியில் நீங்கள் அதை மாட்டப் பார்த்தீர்கள். ஒரு போல்ட் உள்ளே போனால் எதிர் போல்ட் வெளியே நின்றது. திருப்பிப் பார்த்தீர்கள். அடுத்த ரிம்மை எடுத்துப் பார்த்தீர்கள். "இது வேற மாதிரி இருக்கும்" என்று நான்காவதையும் பார்த்தீர்கள்.

"மாப்பிள்ளையும் பொண்ணும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா.

அவ்வளவுதான். தட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன்.

"எம் மக கல்யாணத்தைக் கெடுத்துட்டியே தவுக்கே! ஒரு ஓட்டை ஒழுங்காப் போடத் தெரியாதா?"

"நீ சொன்ன அளவுதான் போட்டேன்! இருபது வருசமா ஓட்டை போடுறேன், எனக்கே சொல்லித் தர்றியா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். தவுக்கேயின் முகம் சிவந்தது. அவர்மேல் தப்பே இல்லை.

"அரை இன்ச்சு!" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "டேப்புல அரை இன்ச்சு இல்லப்பா!"

நீங்கள் என் கழுத்தில் கிடந்த டேப்பின் நுனியைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"ஏம்மா அங்கேயே சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க."

"இப்பவும் எல்லாரும்தானே இருக்காங்க?"

தவுக்கேதான் முதலில் சிரித்தார். பிறகு நீங்கள். மன்னிப்புக் கேட்க நீங்கள் கூப்பிய கையை அவர் பிடித்துக்கொண்டு, "இதுல இன்னும் ஓட்டை போட்டா முறுக்கு அச்சு ஆயிரும். வேற தட்டு தேடு, ரிம்மையும் கையோட கொண்டுவா. பொண்ணுக்கு என் லோரி வரும்" என்றார்.

அப்படித்தான் அக்கா, பூச்சரம் கட்டிய, இரும்பு ஏற்றும் லோரியில் கோயிலுக்குப் போனாள். ஆனால் ஆல்பத்தில் உங்கள் காடிதான் இருக்கிறது. கட்டைமேல் நின்ற காடிக்கு மாலை போட்டு, அக்காவை உள்ளே உட்கார வைத்துக் கையசைக்கச் சொன்னீர்கள். "மேல்பாதி மட்டும் எடுங்க தம்பி" என்று படக்காரரிடம் கெஞ்சினீர்கள். நன்றாக ஓடுவதுபோலத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் வேறு தட்டுகளில் சரியாக ஓட்டை போட்டு, ரிம் மாட்டி, மெர்லிமாவை மூன்று சுற்று சுற்றினீர்கள். வீணான தட்டுகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தீர்கள். அதன்பின் வீட்டில் என் பேர் "அரை இன்ச்சு."

டேப்பை நான் மாற்றவில்லை. அளவு கொடுக்க வரும் பெண்களிடம், "இதுல அரை கழிக்கணுங்க்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எங்களைவிட்டுப் போன அன்று சவப்பெட்டிக்காரர் டேப் எடுத்துவர மறந்துவிட்டார். உங்கள் தோள் அகலம் அல்லவா? தயாராக இருக்கும் பெட்டி போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. என் கழுத்தில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"இருபது. ரவுண்டா இருபது" என்றார் அவர்.

"இல்லைங்க, பத்தொன்பதரை" என்றேன். "அந்த டேப்புல அரை இன்ச்சு இல்ல."

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. தோட்டத்து ஆட்கள், கோயில்காரர்கள், ஓரத்தில் நின்ற தவுக்கே.

எல்லாரும் இருந்தார்கள், அப்பா. சொல்லிவிட்டேன்.