ஆறாவது கோப்பையின் தங்க விளிம்பு

3 ஜூன் 2025

மஹய்யாவையின் பீங்கான் சக்கரவர்த்தியும் மாநகரசபையின் ஓய்வுபெற்ற எழுதுவினைஞனுமாகிய நான், இந்தக் கொப்பியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் வரப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை.

என் மனைவி வடிவம்மா போய் இன்றைக்கு எண்பது நாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட உதடு மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க.

5 ஜூன்

தங்கை மகள் தனுஜா குண்டசாலையிலிருந்து வந்தாள். "தனியா கிடந்தது போதும் மாமா, எங்க வீட்டுக்கே வந்துருங்க. ஆனா அந்த அலுமாரிக்கு அங்க இடமில்ல."

அலுமாரியில் ஏழு கோடி பீங்கான் உருப்படிகள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. எல்லாம் நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானில் கையால் தீட்டிக் கப்பலேற்றியவை.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

6 ஜூன்

சாப்பிட்டேன். என்ன என்று ஞாபகமில்லை.

9 ஜூன்

தூசி தட்டினேன். கொக்குக் கோப்பைகள் ஆறு. கலஹாவில் ஒரு தோட்டத்துப் பங்களா ஏலத்தில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்து, பேராதனை வரை மூச்சே விடாமல் கொண்டுவந்தவை. ஆறிலும் கொக்கு வேறு வேறு. அச்சடித்திருந்தால் ஆறும் ஒரே கொக்காக இருக்கும்.

ஐந்துக்குத் தங்க விளிம்பு. ஆறாவது மொட்டை.

போன பொங்கலுக்கு முதல் நாள், வடிவம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். வீதிக்கே கேட்கக் கத்தினேன். "பித்தளைக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதாடி உனக்கு?"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு தாங்க..."

அதற்குப் பிறகு இந்த அலுமாரியை அவள் தொடவேயில்லை. போகும்வரை, இரண்டு மாதம். நானும் தொடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

14 ஜூன்

பழம்பொருள் வியாபாரி நஸீப் வந்தார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியிலுள்ள பச்சை முத்திரையைப் பார்த்தார். ஆறாவதில் கை நின்றது.

"என்ன அய்யா, இதுல தங்கமே இல்லியே?"

"போயிருச்சு."

"பரவாயில்ல. நம்ம கடையில பூசி எடுத்தா ஒருத்தருக்கும் வெளங்காது. செட் முழுசாகிரும்."

தலையாட்டினேன். முப்பத்தொன்றும் போயின. ஒன்றும் தோன்றவில்லை.

15 ஜூன்

காலையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு வெறும் அலுமாரியின் முன்னால் நின்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது. பூசிவிட்டால்? அவள் தேய்த்த இடம்?

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். நஸீப் தூரிகையை நனைத்து வைத்திருந்தார்.

"நிறுத்துங்க! அந்தக் கோப்பையோட வரலாறு தெரியுமா? நாகசாகியிலிருந்து வந்த கப்பல் அது. காலித் துறைமுகத்துல புயல். கப்பல்ல நாப்பது தொன் புளி! கடலே ரசமாயிருச்சு. ஒரு திமிங்கிலம் இந்தக் கோப்பையை மட்டும் முழுங்கி, மூணு மாசம் ஊறவச்சு, கரையில துப்புச்சு. அதுல போனதுதான் தங்கம். அதைப் பூசலாமா?"

"அய்யா, பொய்க்கும் ஒரு அளவு வேணும்." சிரிசிரியென்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, கோப்பையைப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கேட்கவில்லை.

22 ஜூன், குண்டசாலை

"ஐயோ மாமா, அதுலயா குடிக்கிறீங்க? முப்பது வருஷமா எங்களைக் கிட்டவே விடலியே!"

"மகாராணி உத்தரவு" என்றேன்.

மொட்டை விளிம்பு உதட்டில் பட்டது. சுட்டது. நன்றாகவே சுட்டது. தனுஜா பார்க்காத பக்கமாகக் கதிரையைத் திருப்பிக்கொண்டேன்.

எழுதிவைக்கிறேன். கப்பல் பொய். திமிங்கிலம் பொய். நாற்பது தொன்னும் பொய்.

எலுமிச்சங்காய் அளவு புளி மட்டும் உண்மை.